தாழிக்குக் காவல் இருந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதம் பதினெட்டாம் தேதி. நான் அப்போது தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். இன்றும் அதே வேலைதான், ஊர்தான் மாறிவிட்டது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம்.

அன்றும் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, தொட்டி நிரம்பியது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்து வைத்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்குத் தயிர் சாதம் கட்டிக்கொண்டேன். ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீடு. போகிற வழியில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டேன். இவ்வளவும் அன்றைய டைரியில் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைப்பது கல்லூரி நாளிலிருந்து வந்த பழக்கம். அந்தப் பக்கத்தில் பெட்ரோலுக்கு அடுத்த வரியில் ‘உடம்பு அசதி’ என்று எழுதியிருக்கிறேன். அந்த மாதத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்த வார்த்தை இருக்கிறது.

காரணம் ஜமாபந்தி. ஒரு வருடத்து நிலக் கணக்கு முழுவதையும் சரிபார்த்து மேலதிகாரிகள் முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலை. எந்த வயலில் என்ன பயிர், எந்தப் புறம்போக்கில் யார் கொட்டகை போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். வெயில் வேறு. தாசில்தார் அலுவலகத்திலிருந்து நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்பார்கள். மனிதர்களோடு பேசவே அலுப்பாக இருந்த காலம் அது.

பதினொரு மணி சுமாருக்குத் தலையாரி போன் செய்தார். அரசாங்கத் தாளில் இப்போது கிராம உதவியாளர் என்றுதான் எழுதுகிறோம். ஊரில் எல்லோருக்கும் அவர் தலையாரிதான்.

“மேடம், உடனே வாங்க. கக்கூஸ் தொட்டிக்குத் தோண்டுன குழியில பெரிய பானை ஒண்ணு வாயத் தெறந்துகிட்டு நிக்குது. ஊரே இங்கதான் இருக்கு.”

“யாரு வீட்டுல அண்ணே?”

“வாரிசு சர்டிபிகேட்டுக்கு உங்ககிட்ட வந்துச்சே ஒரு அக்கா, அது வூட்ல.”

அந்த அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர். கொரோனாவின் இரண்டாவது அலையில் கணவரை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் முகத்தை அக்கா பார்க்கவில்லை. போன இடத்திலேயே எரித்துவிட்டார்கள். அப்போது விதி அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே மகள் திருப்பூரில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள், அவளாலும் வர முடியவில்லை. பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது விசாரித்து அறிக்கை எழுதியது நான்தான். கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு வாயால் சொல்லாமல் ரேஷன் கார்டை என் பக்கம் தள்ளினார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லுவதில்லை, அதனால் அது எனக்குப் புதிதாகப் படவில்லை. கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். எழுந்து போகும்போது, “ஆளு போனாரு, தாளு வந்துச்சு மேடம்” என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் திருவிழாக் கூட்டம். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குழி. மேல் மண்ணில் அகலமான பழைய செங்கல் துண்டுகள் வந்திருந்தன. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் அதிசயம் இல்லை. ராஜா காலத்துச் செங்கலை அம்மிக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள், துணி துவைக்கப் போட்டிருப்பார்கள். ஏரி வேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியில் பானை ஓடு மாட்டினால் தட்டிவிட்டு அடுத்த வெட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தச் செங்கலுக்கும் கீழே, கடப்பாரை ‘டொக்’ என்று இறங்கிய இடத்தில் அது இருந்தது. அண்டா அளவுக்கு வாய். பக்கவாட்டில் ஒரு இடம் உடைந்திருந்தது. வாய் விளிம்பைச் சுற்றி, ஈர மண்ணில் விரலால் அழுத்திக்கொண்டே போன மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்.

புதையல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் வருவதற்கு முன்பே உள்ளே கை விட்டுப் பார்த்தவர் அக்காவின் கொழுந்தனார், அடுத்த வீட்டுக்காரர். முதலில் உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. அடுத்து துருப்பிடித்த இரும்புத் துண்டு. மூன்றாவதாகக் கைக்கு வந்தது எலும்பு. அதைப் பார்த்ததும் அப்படியே திரும்ப வைத்துவிட்டு, நேராக மோட்டார் கொட்டகைக்கு ஓடித் தலையோடு குளித்துவிட்டு வந்திருந்தார். நான் பார்க்கும்போது ஈர வேட்டியோடு தள்ளி நின்றுகொண்டிருந்தார். பொன் இல்லை என்றதும் கூட்டம் பாதி கரைந்தது. மனித எலும்பு என்றதும் மீதியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது. குழி தோண்டிய இரண்டு ஆட்களும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

அந்தக் காலத்தில் இறந்தவர்களை, அல்லது அவர்களுடைய எலும்புகளை, பெரிய தாழிக்குள் வைத்துப் புதைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படத்திலும் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

தாசில்தாரிடம் சொன்னேன். “நாளைக்குக் காலையில தொல்லியல் ஆளுங்க வந்துருவாங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. உங்க பொறுப்பு. சாயந்தரம் ஸ்டேஷன்ல இருந்து காவலுக்கு ஒரு ஆள் போடச் சொல்றேன்” என்றார். கொஞ்ச நேரத்தில் தொல்லியல் அலுவலரே அழைத்தார். ஒரு பெண், என்னைவிட வயது குறைந்த குரல். குழியின் படத்தை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் இருக்கலாம், வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மேடம், தண்ணி படக் கூடாது. மஞ்சள், பால், எண்ணெய் எதுவும் படக் கூடாது. நல்ல மனசுலதான் செய்வாங்க. ஆனா பட்டுட்டா அந்த எலும்பு நமக்கு எதையும் சொல்லாது.”

நெல் காய வைக்கிற படுதாவைக் கேட்டு வாங்கிக் குழியை மூடினோம். நான்கு பக்கமும் செங்கல் வைத்தோம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முருங்கை நிழல் என்பது பெயருக்குத்தான். ஆபீசிலிருந்து கணக்குக் கட்டுகளைத் தலையாரி எடுத்து வந்து கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். எண்கள் கண்ணுக்குள் நீந்தின. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னென்னவோ காவல் காத்திருக்கிறேன். ஓட்டுப் பெட்டி, வெள்ள நிவாரண அரிசி. செத்தவருக்குக் காவல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நாளா இருக்குங்க இது?”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கலாம்னு சொல்றாங்கக்கா.”

அவர் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தாறு வருசமா இந்த எடத்துலதான் நான் பாத்திரம் வெளக்குறேன். இப்ப என்னான்னா அதுங்க தலை மேல கக்கூஸ் தொட்டி எறக்கப் பாத்தேன்.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“தெரியாதுதான். இப்பத் தெரிஞ்சு போச்சே.” படுதாவின் மடிப்பை நீவிவிட்டு, “ஆம்பளையா பொம்பளையா?” என்றார்.

அதுவும் அவர்கள் வந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். அடுக்களையில் பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொழுந்தனாரைக் கூப்பிட்டுப் பேசும் சத்தம். எங்கள் பக்கம் வழக்கம் என்னவென்றால், எரித்த மறுநாள் ஆண்கள் போய் எலும்பின் மேல் பால் தெளித்து ஆற்றி, பொறுக்கிக் கலயத்தில் வைத்துக் கொள்ளிடத்தில் கரைப்பார்கள். அக்கா கொழுந்தனாரிடம் கேட்டது அதைத்தான். அவர் கொல்லைக்கு வந்து என்னிடம் முறையிட்டார்.

“பாருங்க மேடம், எங்க அண்ணி பேசறத. நான் பால் தெளிக்கணுமாம். எந்தக் காலத்து ஆளோ, எந்தத் தெருவோ, என்ன சாதியோ. என்னைப் போய்ச் செய்யச் சொல்லுது.”

தலையாரி விடவில்லை. “சாதிச் சான்றுதான ஓய் வேணும்? மேடம் இங்கதான இருக்காங்க. மனு எழுதிக் குடும், விசாரிச்சுக் குடுப்பாங்க.”

“கிண்டல் பண்ணாதய்யா.”

“கிண்டல் என்ன? எலும்பு கையில பட்டதும் தீட்டுன்னு ஓடிப்போய்த் தலை முழுகுனது யாரு? நானா? முழுகுனீருல்ல, அப்ப நீருதான் பங்காளி. செய்யும்.”

கொழுந்தனார் கோபத்தில் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு, “எங்க வூட்டு மனுசனுக்குப் பால் தெளிக்க ஒரு துண்டு எலும்புகூட என் கைக்கு வரல. இது தானா வந்து என் மண்ணுல மொகம் காட்டுது. அப்படியே வுட்டுடவா?” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் விதியைச் சொன்னேன். அரசாங்கத்துச் சொத்து, சோதனைக்குப் போக வேண்டும், பால் பட்டால் பாழாகிவிடும். நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் நோட்டீஸ் படிக்கிற குரலாகக் கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஒரு சர்வே எண்ணின் விவரம் உடனே வேண்டுமாம், பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தலையாரியை உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். பார்த்துச் சொல்லிவிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

படுதா ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அக்கா குழிக்குள் நின்றார். தலைக்குக் குளித்து ஈர முடியைக் கொண்டையாக முடிந்திருந்தார். கையில் பால் சொம்பு. குழியின் மேல் புதுக் கலயம் ஒன்று தயாராக இருந்தது. தலையாரி குத்துக்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனாரும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார்.

“அக்கா!” என்று கத்தியேவிட்டேன்.

“இன்னும் ஊத்தல மேடம்.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீங்க வரட்டும்னுதான் நிக்கறேன். நீங்க இல்லாதப்ப செஞ்சா உங்க வேலைக்கு ஆபத்து வந்துரும்னு தலையாரி சொன்னாரு. எனக்காக நீங்க எதுக்குப் பேச்சு வாங்கணும்? இப்ப வந்துட்டீங்கல்ல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் இல்லாதபோதே ஊற்றி முடித்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தேன். அன்றைய அலுப்பில் அதுதான் உண்மை. நடந்ததை அறிக்கையாக எழுதி அனுப்பிவிட்டுப் போயிருப்பேன். அவரோ எனக்காகக் காத்து நின்று, முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். குழிக்குள் பார்த்தேன். தாழியின் உடைந்த பக்கத்தில், மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக ஏதோ வளைந்து தெரிந்தது. சொம்புக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

“முடியாதுக்கா” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனார், “அண்ணி, மேல வாங்க. அது அண்ணன் இல்ல” என்றார். அவர் குரலில் கோபம் போயிருந்தது.

“தெரியும் தம்பி. உங்க அண்ணனா இருந்தா நான் ஏன் இந்தம்மாகிட்ட கேட்டுகிட்டு நிக்கறேன்?”

தொல்லியல் அலுவலருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அம்மா, நான் நாளைக்கு வந்து அவங்களை மெதுவா எடுப்பேன். பிரஷ் வச்சு, கொஞ்சங் கொஞ்சமா. ஒண்ணுகூட உடையாது. அதுவரைக்கும் பொறுத்துக்கங்கம்மா.”

“அவங்களை” என்று அவர் சொன்னதை அக்கா கவனித்தார் என்று நினைக்கிறேன். குழிக்குள் இருந்தபடியே போனை நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்து எங்கம்மா கொண்டு போவ?”

“சோதனைக்கு அனுப்புவோம். அப்புறம் மியூசியத்துல பத்திரமா வைப்போம்.”

“திரும்ப மண்ணுக்கு வராதா?”

பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் சொல்லவில்லை. “வராதும்மா” என்றார்.

அக்கா சொம்பைக் குழியின் மேட்டில் வைத்தார். எல்லாம் முடிந்தது, ஏறி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குழிக்கு வெளியே குவித்திருந்த மண்ணைக் காட்டி, “இந்த மண்ணாவது எனக்கா? இல்ல இதுவும் உங்களுதா?” என்று கேட்டார்.

நியாயப்படி அதுவும் எங்களுடையதுதான். அந்த மண்ணையும் சலித்துப் பார்ப்போம், தொட வேண்டாம் என்று முதல் தடவை பேசியபோதே சொல்லியிருந்தார்கள். போனில் அந்தப் பெண், “ஒரு கைப்பிடி எடுத்துக்கங்கம்மா. மேடம், நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கங்க” என்றார்.

அக்கா மேலே ஏறி வந்து ஒரு கைப்பிடிதான் எடுத்தார். எடுத்ததையும் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். அதில் சின்னச் செங்கல் சில்லு ஒன்றும் பானை ஓடு ஒன்றும் இருந்தன. இரண்டையும் எடுத்துக் குவியலிலேயே திரும்ப வைத்துவிட்டு, மிச்ச மண்ணைக் கலயத்தில் போட்டார். குழியிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் போய் அதன் மேல் பால் ஊற்றினார். நாங்கள் படுதாவை இழுத்து மூடினோம்.

அதற்குள் காவலர் வந்துவிட்டார். அவரிடம் விவரம் சொல்லி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். தலையாரியும் இருப்பதாகச் சொன்னார். என் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக் கரை மேல் ஏறியபோது, ஆற்று மணலில் அக்கா தனியாக நடந்து போவது தெரிந்தது. இடுப்பில் கலயம். கோடையில் கொள்ளிடம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகண்ட மணல், நடுவில் நாணல் திட்டு. தண்ணீர் என்று இருந்தது வெகுதூரத்தில், தஞ்சாவூர் மாவட்டத்துப் பக்கமாக ஒதுங்கி, வாய்க்கால் அளவுக்கு ஓடியது.

கரையில் கொழுந்தனார் நின்றிருந்தார். கையில் அக்காவின் செருப்பு. “பொம்பளை போகக் கூடாதுன்னு சொன்னேன். கேக்கல. நானும் வரமாட்டேன்னு சொன்னேன்” என்றார். பிறகு, “தண்ணி நம்ம லிமிட்ல இல்ல மேடம், ரொம்ப தூரம் போவணும்” என்றார்.

ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று டைரியில் எழுதவில்லை. செருப்பைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மணலில் இறங்கினேன். சூடு இன்னும் ஆறவில்லை. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார். நான் எட்டியதும் மறுபடி நடந்தார். எல்லையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் போகிறோம் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த மணலில் கோடா போட்டிருக்கிறது?

தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது. அவர் இறங்கி, கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கரைக்கவில்லை. வெகு நேரம் நின்ற மாதிரி இருந்தது.

“என்னக்கா?”

“பேரு சொல்லணும்ல மேடம். பேரு சொல்லித்தான கரைப்பாங்க.” கொஞ்சம் தயங்கினார். “இவங்க பேரு தெரியாது. அவரு பேரு நான் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியும். நீங்கதான எழுதுனீங்க.”

எனக்குத் தெரியும். மூன்று நகல் எழுதியிருந்தேன். அவருடைய தகப்பனார் பெயரும் தெரியும், பெயரில் கடைசி எழுத்து ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்ததால் அக்காவை இரண்டு முறை அலையவிட்டதும் நினைவிருந்தது. ஆனால் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த வேலையில் இறந்தவர்களுடைய பெயர்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன், ஒன்றையும் சொன்னதில்லை. எழுதுவது வேலை, சொல்லுவதற்கு அவரவர் வீட்டு ஆட்கள் இருப்பார்கள்.

அறிக்கையில் எழுதுகிற மாதிரியேதான் சொல்ல வந்தது. இன்னார் மகன் இன்னார். ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். திறந்த ஆற்றில் என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொன்னேன். அக்கா குனிந்து கலயத்தைத் தண்ணீரில் சாய்த்தார். பால் வெள்ளையாக ஒரு கோடு போல ஓடி, கொஞ்ச தூரத்தில் தெரியாமல் போனது. மண் அவர் காலடியிலேயே படிந்தது. அதைக் கையால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே, “ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்” என்றார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பி நடந்து கரைக்கு வந்தபோது கொழுந்தனார் இரண்டு ஜோடிச் செருப்பையும் தட்டித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்.

மறுநாள் தொல்லியல் துறையினர் வந்தது, பிரஷ் வைத்து அந்தப் பெண் நாள் முழுக்கக் குழிக்குள் மண்டியிட்டது, தாழியை வண்டியில் ஏற்றும்போது அக்கா தெருமுனை வரை கூடவே நடந்தது எல்லாம் ஊரே பார்த்த விஷயம். கழிவறைத் தொட்டியை வீட்டின் இன்னொரு பக்கம் இறக்கிக்கொண்டார்கள். ஊரில் எல்லோரும் தாழியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு ஆறுதான் நினைவுக்கு வரும். இப்போதெல்லாம் ஒரு இறப்பு விசாரணை அறிக்கை எழுதினால், அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆற்றுக்குப் போன அன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மா என் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. “எங்கயாச்சும் சாவு வூட்டுக்குப் போயிட்டு வரியா?” என்றார். “ஆபீஸ் வேலைம்மா” என்றேன். கால் கழுவிக்கொண்டு, இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ‘முழுகுனீருல்ல, அப்ப நீருதான் பங்காளி’ என்று தலையாரி கொழுந்தனாரைச் சீண்டியது ஏனோ நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தொட்டி நிரப்பவில்லை, அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைக்கவில்லை. முதல் வேலையாகக் கொல்லைக்குப் போய், ஜில்லென்ற தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். யாருக்காக முழுகுகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.